கூரையைக் காற்றுக்குக் கொடுப்பது எப்படி?

சொந்தமாக ஷெட் போட்டுத் தொழில் நடத்துகிற எவரும் அதன் கூரையை ஒரே சாயங்காலத்தில் பக்கத்துக் காம்பவுண்டுக்கு அனுப்பிவைக்கலாம். ஆனால் பெரும்பாலோர் அரைகுறையாகச் செய்து நாலைந்து ஷீட்டோடு நின்றுவிடுகிறார்கள். மறுநாள் பேப்பரில் 'சூறைக்காற்றில் கூரைகள் சேதம்' என்று ஒற்றைப் பத்தி வரும், அத்தோடு சரி. ஷீட்டைத் தாங்கும் பர்லின் முறுக்கிக்கொண்டு, பர்லினைத் தாங்கும் டிரஸ் சாய்ந்து, மெஷின்மேல் மழை கொட்டி, மூன்று மாத ஆர்டர் கைமாறிப் போகிற அளவுக்கு உருப்படியான சேதம் வேண்டுமென்றால் பூமி பூஜைக்கு முன்பே ஏற்பாட்டைத் தொடங்கிவிட வேண்டும்.

முதல் வேலை, ஊரைத் தேர்ந்தெடுப்பது. கடற்கரை வேண்டாம். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் பக்கம் இருப்பவர்கள் வர்தா, கஜா, தானே என்று புயல்களிடம் பட்டுத் தெரிந்தவர்கள். போல்ட் முடுக்கும்போதே அந்தப் பெயர்கள் ஞாபகத்துக்கு வந்துவிடும். போதாக்குறைக்கு, புயல் அடிக்கும் கடலோரத்தில் 60 கி.மீ.க்குள் வரும் தொழிற்கூடங்களுக்குக் காற்றின் வேகத்தை 1.15 மடங்காக்கிக் கணக்குப் போடச் சொல்கிறது ஐ.எஸ். 875 என்ற தர விதியின் மூன்றாம் பகுதி. இப்படியெல்லாம் பயந்து பயந்து கட்டினால் கூரை எப்படிக் கிளம்பும்? கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் என்று உள்ளே வாருங்கள். "நம்ம பக்கம் ஏதுங்க புயலு?" என்று கேட்காத ஆள் இங்கே கிடையாது. கேள்வியில் பிழையும் இல்லை. இங்கே வருவது கோடை இடிமழை.

புயலுக்குப் பெயர் உண்டு. நாலு நாள் முன்னறிவிப்பு உண்டு. கலெக்டர் லீவு விடுவார், டி.வி.காரர்கள் குடையோடு கடற்கரையில் நிற்பார்கள். இடிமழைக் காற்றுக்கு இந்த ஜபர்தஸ்து ஒன்றும் கிடையாது. மூணு மணி வரை வெயில் மண்டையைப் பிளக்கும். நாலு மணிக்கு மேற்கே கறுக்கும். நாலேகாலுக்குக் கூரை இருக்காது. அஞ்சு மணிக்கு மறுபடி வெயில் அடித்து, தரையில் கிடக்கும் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்க வசதி செய்துகொடுக்கும்.

இதன் சூட்சுமத்தைத் தெரிந்துகொண்டால் வேலை சுலபம். இடிமேகத்துக்குள்ளிருந்து மழையும் ஆலங்கட்டியும் விழும்போது கூடவே காற்றையும் கீழே இழுத்து வருகின்றன. மேகத்துக்கு அடியில் வெயிலில் காய்ந்து கிடக்கும் காற்றில் பாதித் துளிகள் ஆவியாகிவிடும். ஆவியாகும்போது அந்தக் காற்று குளிர்ந்து கனக்கும், கனத்தால் இன்னும் வேகமாக விழும். தரையில் மோதிய பிறகு போக்கிடம் இல்லாமல் நாலாபக்கமும் சீறிப் பரவும். மழைக்கு முன்னால் சில்லென்று வந்து முகத்தில் அடிக்கிறதே, அது இந்தச் சீற்றத்தின் முன்னணிப் படைதான். சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்த டெட்சுயா ஃபுஜிட்டா, 1975 ஜூன் 24 அன்று நியூயார்க் கென்னடி விமான நிலையத்தருகே இடிமழையில் விழுந்து நொறுங்கிய ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானத்தை ஆராய்ந்து, இந்தக் கீழ்நோக்கிய பாய்ச்சலுக்கு டவுன்பர்ஸ்ட் என்று பெயர் வைத்தார். நாலு கி.மீ. அகலத்துக்குள் அடங்கிவிடும் சின்ன ரகம் மைக்ரோபர்ஸ்ட். உங்கள் ஷெட் வானத்தில் இருக்கும்போது, நாலு ஸ்டாப் தள்ளி இருக்கிற பேக்கரியில் டீ கிளாஸ்கூட ஆடாமல் இருக்க வாய்ப்பு உண்டு. இந்தத் தகவலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், இன்சூரன்ஸ்காரர் வரும்போது வேண்டியிருக்கும்.

சின்ன ரகம் என்றதும் ஏமாற்றம் வேண்டாம். பெரிய ரகமும் இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 10 அன்று அமெரிக்காவின் நடுப்பகுதியில் இடிமேகங்கள் வரிசைகட்டி, டெரேச்சோ என்று சொல்லப்படும் காற்றாகச் சுமார் 14 மணி நேரத்தில் 1,200 கி.மீ.க்கு மேல் துடைத்துக்கொண்டு போயின. அயோவா மாநிலத்தின் சீடர் ராப்பிட்ஸ் நகரில் காற்று மணிக்கு 225 கி.மீ. வேகத்தைத் தொட்டிருக்கும் என்று மதிப்பிட்டார்கள். மொத்த நட்டம் ஏறத்தாழ 1,100 கோடி டாலர். தானியம் சேமிக்கும் தகர சைலோக்கள் மிதித்த டின் மாதிரி நசுங்கின. மெல்லிய தகர உருளைக்கு உள்ளே சரக்கு இருந்தால் அதுவே உள்ளிருந்து முட்டுக் கொடுக்கும், காலியாக இருந்தால் காற்று ஒரு பக்கத்தை உள்ளே அமுக்கிவிடும். ஆகவே சைலோவோ சிந்தெடிக் தண்ணீர் டேங்கோ வைத்திருப்பவர்கள் சித்திரை மாதத்தில் அதைக் காலியாக வைத்திருப்பது நலம்.

அதே நாளில் அதே ஊருக்குப் பக்கத்தில் இருந்த டுவேன் ஆர்னால்டு அணுமின் நிலையத்துக்கும் ஒரு பங்கு கிடைத்தது. அணு உலைக்கு ஒன்றும் ஆகவில்லை. வெளி மின்சாரம் அறுந்ததும் முறைப்படி நின்றது, டீசல் ஜெனரேட்டர்கள் கைகொடுத்தன. அடி வாங்கியவை குளிர்விப்புக் கோபுரங்கள். எப்படியும் அந்த அக்டோபரில் மூடுவதாக இருந்த நிலையம், கோபுரத்தைச் சரிசெய்யச் செலவழிப்பானேன் என்று அன்றோடு நிறுத்தப்பட்டது. தொழிற்சாலையை மூட முக்கியமான பாகம் உடைய வேண்டியதில்லை. யாரும் திரும்பிப் பார்க்காத பாகம் ஒன்று உடைந்தால் போதும். இனி வரும் யோசனைகள் எல்லாம் அந்தத் திரும்பிப் பார்க்காத பாகங்களைப் பற்றியவை.

அதற்கு முன் கொஞ்சம் கணக்கு. ஐ.எஸ். 875 ஒவ்வோர் ஊருக்கும் ஓர் அடிப்படைக் காற்று வேகம் சொல்கிறது. ஐம்பது வருஷத்தில் ஒருமுறை எதிர்பார்க்கக்கூடிய, மூன்று விநாடி நீடிக்கும் வீச்சு அது. சென்னைக்கு விநாடிக்கு 50 மீட்டர், கோவைக்கும் மதுரைக்கும் 39. முப்பத்தொன்பது என்றால் ஏதோ மொபெட் வேகம் போலத் தோன்றும். மணிக்கு 140 கி.மீ. அது. வேகத்தின் வர்க்கத்தை 0.6ஆல் பெருக்கினால் அழுத்தம் வரும், சதுர மீட்டருக்கு 900 நியூட்டனுக்குச் சற்று மேல், கிலோ பாஷையில் 93. உயரம், சுற்றுப்புறம் என்று ஏற்ற இறக்கங்கள் உண்டு, நம் காரியத்துக்குத் தோராயம் போதும். அரை மில்லிமீட்டர் கலர் ஷீட்டின் எடை சதுர மீட்டருக்கு எவ்வளவு தெரியுமா? ஐந்து கிலோவை ஒட்டி. ஒரு பக்கம் ஐந்து, மறுபக்கம் தொண்ணூற்று மூன்று. அந்தத் தொண்ணூற்று மூன்றும் மேலிருந்து அமுக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். கூரைமேல் வேகமாக ஓடும் காற்று ஷீட்டை மேல்நோக்கி உறிஞ்சும். ஓரத்திலும் மூலையிலும் முகட்டிலும் அந்த உறிஞ்சல் இன்னும் கூடுதல். காற்றடிக்கும்போது கூரைக்கு உள்ள ஒரே உத்தியோகம் கட்டிப்போட்ட இடத்தில் இருப்பது. கட்டிப்போடுவது யார் என்று பார்த்தால், ஒன்றிரண்டு ரூபாய் ஸ்க்ரூ.

இப்போது கொட்டேஷன் கட்டம். இங்கேதான் பாதிக் கூரை பறக்கிறது, ஷீட் இன்னும் லாரியில்கூட ஏறியிருக்காது. ஷெட் போட வந்த ஃபேப்ரிகேட்டரிடம் பேச்சு இப்படி அமைய வேண்டும்.

"ஏனுங்க, மூலையிலயும் ஓரத்துலயும் ஸ்க்ரூ நெருக்கமாப் போடோணும்னு ட்ராயிங்ல இருக்குதுங்களே?"

"இன்ஜினியருங்க அப்படித்தான் எழுதுவாங்கங்க மொதலாளி. படிச்சவங்க, எழுதாம இருப்பாங்களா. நாம இந்த எஸ்டேட்ல எத்தனை ஷெட்டு போட்டிருக்கறோம், ஒண்ணும் ஆகலீங்க."

"அப்ப ஒண்ணு விட்டு ஒண்ணு போட்டாப் போதுங்களா?"

"தாராளமாப் போதுமுங்க. ஒரு சொட்டுத் தண்ணி ஒழுகாது, அதுக்கு நான் கேரண்டி."

கவனித்தீர்களா? ஒழுகாது என்றார். பறக்காது என்று அவர் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. கூரை என்றாலே மழைக்கு என்பது நம் ஊர்ப் புத்தி. மழையைப் பிடிக்கக் கூரை வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும், கூரையைப் பிடிக்க என்ன வேண்டும் என்பதுதான் எஸ்டிமேட்டில் கடைசி வரியாக வந்து, பேரத்தில் முதல் ஆளாக அடிபடும். மொத்தச் செலவில் ஸ்க்ரூவின் பங்கு மிகச் சொற்பம். அந்தச் சொற்பத்தில் பாதியைக் குறைத்து மீதமாகும் பணத்தில் வாசலுக்கு கிரானைட் போடலாம். கிரானைட் பறக்காது.

அடுத்து, ஸ்க்ரூ முடுக்கும் நாளைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். மத்தியானம் ஒரு மணி. ஷீட் தோசைக்கல்லாகக் காய்ந்திருக்கிறது. மேலே ஒரு பையன், இடுப்பில் கயிறு இல்லை, வாயில் மூன்று ஸ்க்ரூ, கையில் டிரில்லிங் கன். அவனுக்குக் கீழே ஷீட், ஷீட்டுக்குக் கீழே எங்கோ பர்லின். நூல் பிடித்து மார்க் பண்ணியிருந்தால் அது எங்கே என்று தெரியும். நூல் பிடிக்க நேரம் இல்லை, குத்துமதிப்பாக அழுத்துகிறான். ஸ்க்ரூவின் முனை பர்லினில் பிடித்தால் கன் ஒரு மாதிரி முனகும், கையிலும் கனம் தெரியும். பிடிக்காவிட்டால் சொத்தென்று இறங்கி, பிடிமானம் இல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அவனுக்கு அது நன்றாகத் தெரியும். கழற்றி, ஓட்டையை அடைத்து, இரண்டு அங்குலம் தள்ளி இன்னொன்று போட வேண்டும். ஆனால் அவனுக்குக் கூலி சதுர அடிக் கணக்கு. ஆகவே சுற்றுகிற ஸ்க்ரூவை அப்படியே விட்டு அதன் தலையில் ஒரு பொட்டு சிலிக்கான் வைத்துவிட்டு நகர்கிறான். கீழேயிருந்து பார்த்தால் எல்லாத் தலையும் ஒரே வரிசை. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, மேலே ஏறிப் பார்க்காமல் இருப்பது. பையனைக் குறை சொல்லவும் வேண்டாம். சதுர அடிக் கூலி பேசியது அவனல்ல.

ஸ்க்ரூத் தலைக்கு அடியில் இருக்கிற ரப்பர் வாஷரும் நம் பக்கம்தான். அளவுக்கு மீறி முடுக்கினால் அது பிதுங்கி வெளியே வந்துவிடும், முடுக்காவிட்டால் ஷீட் ஆடும். மலிவு ரகம் நாலு கோடையில் காய்ந்து வெடிக்கும். ஆடுகிற ஷீட்டுக்கு இன்னொரு நற்பலன் உண்டு. 1974 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரை டிரேசி புயல் தரைமட்டமாக்கிய பிறகு, மெல்லிய தகரக் கூரைகள் ஏன் அப்படிப் போயின என்று ஆராய்ந்தவர்கள், காற்று விட்டுவிட்டு இழுத்ததில் ஷீட் ஒவ்வோர் ஆணியைச் சுற்றியும் மேலும் கீழும் வளைந்து, களைத்து, விரிசல் கண்டிருந்ததைப் பார்த்தார்கள். கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிக்கிற அதே கதை. ஆணி மரத்தில் அப்படியே இருக்கும், ஷீட் மட்டும் ஆணித்தலையைக் கழற்றிக்கொண்டு போய்விடும். ஆக, போன வருஷக் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்ட ஷீட்டை இந்த வருஷம் தொடாமல் விடுங்கள். அது ஏற்கெனவே பாதி தூரம் வந்துவிட்டது.

எலும்புக்கூட்டுக்கு வருவோம். ஷெட்டின் சுவர்ப் பக்கத்தில் தூணுக்குத் தூண் பெருக்கல் குறி போலக் கம்பிகள் ஓடுமே, பிரேசிங், பார்வைக்கு ஒரு வேலையும் செய்யாதது போல நிற்கும். பக்கவாட்டில் வரும் காற்றைத் தரையில் கொண்டுபோய் இறக்குவது அதுதான். புது மெஷின் உள்ளே வர வழி மறிக்கிறது, ஃபோர்க்லிஃப்ட் திரும்ப இடைஞ்சல், மேஸ்திரி குனிந்து போக வேண்டியிருக்கிறது என்று ஏதாவது ஒரு காரணம் கட்டாயம் வரும். வந்ததும் கேஸ் கட்டரை எடுத்து வெட்டிவிடுங்கள். வெட்டின அன்று ஒன்றும் ஆகாது, மறுநாளும் ஆகாது. அதனால்தான் இது சிறந்த முறை. யாருக்கும் எந்தக் காலத்திலும் ஞாபகம் இருக்காது. தூணின் அடித்தட்டில் நாலு போல்ட் இருக்கிற இடத்தில் இரண்டுக்கு மட்டும் நட்டு இருப்பது நம் எஸ்டேட்டுகளில் சகஜம் என்பதால் அதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அஸ்திவாரம் கனமாக இருப்பது தூண் புதையாமல் இருக்க மட்டுமல்ல, பிடுங்கிக்கொள்ளாமல் இருக்கவும்தான் என்று இன்ஜினியர் சொன்னால், மண் கெட்டி சார் என்று பேச்சை மாற்றுங்கள்.

இத்தனையும் செய்தும் கூரை அசையவில்லை என்றால் கடைசி அஸ்திரம் ஒன்று இருக்கிறது. ரோலிங் ஷட்டர்.

நாலு மணிக்கு மேற்கே கறுத்துக் குளிர்ந்த காற்று வருகிறது. நாளெல்லாம் உலையிலும் லேத்திலும் வெந்தவர்கள். ஷட்டரை முழுக்க ஏற்றிவிட்டு எல்லாரும் வாசலுக்கு வந்து சட்டைப் பட்டனைக் கழற்றி நிற்கிறார்கள். யாருக்குத்தான் மனசு வராது? அந்த ஒரு நிமிஷத்தில் ஷெட்டின் கணக்கே மாறிவிடுகிறது. சுவரில் திறப்பு ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் உள்ளழுத்தத்துக்கு 0.2 என்ற குணகம் போதும் என்கிறது ஐ.எஸ். 875. இருபது சதவீதத்தைத் தாண்டினால் 0.7. காற்று வரும் பக்கத்து வாசல் திறந்திருக்கிறது, எதிர்ப் பக்கம் மூடியிருக்கிறது. உள்ளே புகுந்த காற்றுக்கு வெளியேற வழி மேலேதான். வெளியே உறிஞ்சல், உள்ளே தள்ளல், நடுவில் ஐந்து கிலோ தகரம், அதைப் பிடிக்க ஒன்று விட்டு ஒன்று போட்ட ஸ்க்ரூ. மூலை ஷீட் முதலில் தலையைத் தூக்கும். அதன் இடத்தில் புகும் காற்று அடுத்ததைத் தூக்கும். வரிசையாகப் பட்டன் அவிழ்வதுபோல முகடு வரை போய்விடும்.

ஷட்டரை இறக்கிவிட்டவர்களும் மனம் தளர வேண்டாம். அகலமான ஷட்டருக்குக் காற்றுத் தாங்கும் கொக்கி வைக்காமல் சாதா ரகம் வாங்கியிருந்தால், பட்டைகள் வயிறு தள்ளிப் பக்கச் சட்டத்திலிருந்து உருவிக்கொண்டு உள்ளே விழும். திறந்து வைத்த பலன் அப்படியே கிடைக்கும்.

முற்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். மிச்ச ஷீட்டுகளைக் கட்டாமல் அடுக்கி வைப்பது, காலி டிரம்களை நிறுத்தி வைப்பது, கேன்ட்ரி கிரேனைத் தண்டவாளத்தில் கிளாம்ப் போடாமல் விடுவது, கூரைமேல் சோலார் வைத்துக்கொடுத்தவர் பழைய பர்லினின் பலத்தைக் கேட்டாரா என்று விசாரிக்காமல் இருப்பது. எல்லாம் தெரிந்த சமாச்சாரம்.

விளம்பரப் பலகைக்கு இடம் வாடகைக்குக் கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். இந்த இடத்தில் மட்டும் விளையாட்டை நிறுத்திக்கொள்கிறேன். 2024 மே 13 அன்று மும்பை காட்கோபரில், திடீரென்று வந்த புழுதிக்காற்றிலும் மழையிலும் ஒரு பிரம்மாண்டமான ஹோர்டிங் பெட்ரோல் பங்க் மேல் சரிந்தது. மழைக்கு ஒதுங்கியவர்களும் பெட்ரோல் போட வந்தவர்களுமாகப் பதினேழு பேர் போனார்கள். அனுமதிக்கக்கூடிய அளவு 40க்கு 40 அடி, நின்றது சுமார் 120க்கு 120. நீளத்தில் மூன்று மடங்கு என்றால் பரப்பில் ஒன்பது மடங்கு, காற்று பிடிப்பதும் அத்தனை மடங்கு. உயரம் கூடியதால் அடிவாரத்தை முறிக்கப் பார்க்கும் விசை அதற்கும் மேல். இது மழைக்காலக் கலவரமும் இல்லை, கடல் கொந்தளிப்பும் இல்லை. மே மாதத்து ஒரு சாயங்காலம்.

சரி, அந்த நாள் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வானிலை மையம் 'அடுத்த மூன்று மணி நேரத்தில் இடி மின்னலுடன் மழை, தரைக்காற்று மணிக்கு 40 முதல் 50 கி.மீ.' என்று உங்கள் மாவட்டத்தின் பெயரைப் போட்டுச் சொல்லும். புனேயிலிருக்கும் வெப்பமண்டல வானிலை நிறுவனத்தின் தாமினி செயலி, மின்னல் எத்தனை தூரத்தில் விழுகிறது என்று போனிலேயே காட்டும். இதையெல்லாம் பார்க்கிற ஆளை ஷிஃப்டில் வைக்காதீர்கள். தப்பித்தவறி யாராவது, "அண்ணா, மேக்கே ரொம்பக் கறுத்துருச்சுங்க, கிரேனை நிறுத்தீரலாமா?" என்று கேட்டால், "லோடு ஏத்திட்டு நிறுத்துடா" என்பதே மரபான பதில். அறிவிப்பு ஒவ்வொரு நாளும் பலிப்பதில்லை என்பது உண்மைதான். பலிக்காத நாட்களைச் சுட்டிக்காட்டியே பலிக்கிற நாளை வரவேற்க வேண்டும்.

ஆட்கள் எங்கே ஒதுங்குவது என்பதை யோசிக்காமல் இருப்பது அவசியம். யோசித்து ஒருவர் இந்தக் கலையையே கெடுத்துவிட்டார். அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் ரோனோக் என்ற சிற்றூர் அருகே ஒரு உலோக வேலைத் தொழிற்சாலை, பார்சன்ஸ் மானுஃபாக்சரிங். முதலாளி பாப் பார்சன்ஸ் அதைக் கட்டும்போதே, கழிவறைகளுக்கு மட்டும் கம்பி கட்டிய கான்கிரீட் சுவரும் கான்கிரீட் கூரையும் போட்டு, அவற்றையே புகலிடமாக வைத்தார். வானத்தைப் பார்க்கத் தனியாக ஆள், அவ்வப்போது ஒத்திகை. 2004 ஜூலை 13 மத்தியானம் இடிமேகத்திலிருந்து இறங்கிய எஃப்-4 சுழற்காற்று நேராக அந்தத் தொழிற்சாலைமேல் ஏறியது. உள்ளே சுமார் 150 பேர். அத்தனை பேரும் கக்கூஸுக்குள் நின்றார்கள். வெளியே வந்தபோது தொழிற்சாலை இல்லை, கார்கள் இருந்த இடத்தில் இல்லை. ஆட்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். நம் எஸ்டேட்டில் கழிவறை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். காம்பவுண்டு மூலையில் ஹாலோ பிளாக் சுவர், மேலே ஒரு சிமென்ட் ஷீட், ஷீட்மேல் பாரத்துக்கு இரண்டு செங்கல். காற்று வந்தால் முதலில் அந்தச் செங்கல்தான் இறங்கும்.

கூரை போய்விட்டது. வாழ்த்துகள். இனி இன்சூரன்ஸ்.

சாதாரணத் தீக் காப்பீட்டிலேயே புயல், சூறாவளி, வெள்ளம் எல்லாம் அடங்கும். 2021 ஏப்ரல் முதல், மொத்த மதிப்பு ஐந்து கோடிக்குள் இருக்கும் சிறு தொழில்களுக்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்று தனிப் பாலிசியே இருக்கிறது. நாம் செய்ய வேண்டியது, பாலிசித் தொகையைப் பத்து வருஷத்துக்கு முந்தின விலையிலேயே வைத்திருப்பது. ஒரு கோடி பெறுமானமுள்ளதை ஐம்பது லட்சத்துக்கு இன்சூர் செய்து, பத்து லட்சம் நட்டம் வந்தால், ஐம்பது லட்சத்தில் பத்து லட்சம் அடக்கம்தானே என்று நினைப்பீர்கள். அவர்கள் விகிதாசாரம் போட்டு ஐந்துதான் என்பார்கள். ஷெட் சும்மா கிடக்கிற மூன்று மாத நட்டம், ஓடிப்போன ஆர்டர், உட்கார வைத்துக் கொடுக்கிற சம்பளம் இவற்றுக்குத் தனிப் பாலிசி எடுக்க வேண்டும். அதை எடுத்தவர்களை இதுவரை நான் எங்கள் பக்கம் அதிகம் பார்த்ததில்லை.

சர்வேயர் வருவார். காற்றின் வேகத்துக்கு வானிலை ஆபீஸ் சான்று கேட்டாலும் கேட்பார். வேகம் அளக்கும் கருவி இருப்பது விமான நிலையத்தில், காற்று அடித்ததோ உங்கள் தெருவில். அங்கே பதிவானதைப் பார்த்தால் காற்றாடிகூட ஏறியிருக்காது. அப்போதுதான் முன்னே பத்திரப்படுத்தச் சொன்ன மைக்ரோபர்ஸ்ட் தகவலை எடுக்க வேண்டும். சாய்ந்த மரம், மடங்கிய மின்கம்பம், பக்கத்து ஷெட்டின் நிலை எல்லாவற்றையும் அன்றைக்கே போட்டோ எடுத்து வைத்திருந்தால் பேச்சு எடுபடும். மரங்கள் ஒரு மையத்திலிருந்து விசிறிபோல வெளிநோக்கிச் சாய்ந்திருந்தால் இன்னும் நல்லது, ஃபுஜிட்டா விமானத்திலிருந்து படமெடுத்துத் துப்புத் துலக்கியதும் அந்த மாதிரி தடயத்தை வைத்துத்தான். ஆனால் சர்வேயர் நல்ல ஆளாக அமைந்தால் மரத்தைப் பார்க்க மாட்டார். குனிந்து ஒரு ஷீட்டைப் புரட்டி, ஓட்டைகளை எண்ணுவார். எண்ணிவிட்டு ட்ராயிங் இருக்கிறதா என்பார்.

இதற்கிடையில் ஷீட்டுகள் ஊர்ப்பட்ட இடத்தில் கிடக்கும். பக்கத்துக் கம்பெனியின் டிரான்ஸ்ஃபார்மர் வேலிக்குள் இரண்டு, மெயின் ரோட்டு டிவைடரில் ஒன்று, தென்னந்தோப்பில் நாலு. பழைய இரும்புக்காரர் தட்டுவண்டியோடு சர்வேயருக்கு முன்னால் வந்துவிடுவார். அவருக்கு எந்த வானிலை மையமும் சொல்ல வேண்டியதில்லை. மடங்கின தகரத்துக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று ஒரு விலை சொல்லி, இப்பவே எடுத்துக்கறேன், இடத்தைக் கூட்டிக் கொடுத்துடறேன் என்பார். கைக்காசு தட்டுப்பாடான நேரம், சரி என்று சொல்லத் தோன்றும். சர்வேயர் பார்ப்பதற்குள் விற்றுவிட்டால் நட்டம் நடந்ததற்கே சாட்சி இருக்காது. பார்த்த பிறகு விற்றாலும் அந்தத் தொகையை கிளைமில் கழித்துக்கொள்வார்கள். இரண்டில் எது உங்கள் விருப்பம் என்று முடிவு செய்யும்வரை வண்டியை கேட்டுக்கு வெளியே நிறுத்தச் சொல்லுங்கள். நிமிர்த்தினால் ஓடும் என்று ஃபேப்ரிகேட்டர் தனியாக எடுத்து வைக்கிற பதினைந்து ஷீட்டைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பழைய ஓட்டையிலேயே சற்றுப் பெரிய ஸ்க்ரூவாகப் போட்டு, அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் ஏற்றிவிடலாம் என்கிறார்.